கெட்டிக் கஞ்சியும் தொண்டைப் பயிற்சியும்

பக்கவாதம் வந்தவருக்குக் கை விழுந்தது தெரியும், கால் இழுப்பது தெரியும், வாய் கோணியது தெரியும். தொண்டை விழுந்தது மட்டும் முதல் வாய்த் தண்ணீர் கொடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. கொடுத்த தண்ணீர் புரையேறி இருமினால் அதுவும் நல்ல காலம். இருமல்கூட வராமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால், சில நாள் கழித்துக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாகத்தான் அது வெளியே தெரியவரும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையைத் தட்டிவிட்டுப் போகிற வழக்கம் நமக்கு. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் புரையேற்றத்தை அப்படி விட்டுவிட முடியாது.

எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது என்பது எதைக் கொண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ரோஸ்மேரி மார்ட்டினோவும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை 2005-இல் தொகுத்துப் பார்த்தார்கள். மேலோட்டமாகச் சோதித்தால் பக்கவாத நோயாளிகளில் 37 முதல் 45 சதவீதம் பேருக்கு விழுங்கல் சிரமம். சிகிச்சையாளர் படுக்கையருகே முறையாகச் சோதித்தால் 51 முதல் 55. எக்ஸ்ரே போன்ற கருவிகளைக் கொண்டு பார்த்தால் 64 முதல் 78. விழுங்கல் சிரமம் உள்ளவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகம். உணவு மூச்சுவழிக்குள் போவது உறுதியானவர்களுக்கோ பதினொரு மடங்குக்கும் மேல்.

இதற்கு மருத்துவத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இருக்கிற தொண்டைக்குத் தோதாக உணவையும் உட்காரும் விதத்தையும் மாற்றுவது: தண்ணீரைக் கெட்டியாக்குவது, சோற்றை மசிப்பது, தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வது. மற்றது, தொண்டையையே மாற்ற முயல்வது: நாக்குக்கும் குரல்வளையைத் தூக்கும் தசைகளுக்கும் பயிற்சி கொடுத்து, இழந்த திறனை மீட்பது. முதலாவதை ஈடுகட்டல் என்றும் இரண்டாவதைப் பயிற்சி என்றும் இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன். இரண்டும் ஒரே ஸ்பீச் தெரபிஸ்டின் கையில் இருப்பவை. பல நேரம் ஒரே நாளில் ஒரே நோயாளிக்குச் சொல்லப்படுபவை. ஆனால் அவை கேட்கும் உழைப்பு வேறு, தரும் பலன் வேறு. நம் வீடுகளில் முதலாவது வந்து தங்கிவிடுகிறது. இரண்டாவது பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு எனக்குப் பெரும் வருத்தம் தருவது. அதனால்தான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி மூச்சு நின்றுவிடுகிறது. மென்அண்ணம் எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. நாவின் அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளுகிறது. நாவடி எலும்பும் குரல்வளையும் சேர்ந்து மேலும் முன்னுமாக நகர்கின்றன. கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கினால் அந்த ஏற்றம் விரலில் தட்டுப்படும். இந்த ஒரு நகர்வில் இரண்டு காரியம் நடக்கிறது. மேலே, குரல்வளை மூடி கவிழ்ந்து குரல்நாண்கள் இறுகி மூச்சுவழி அடைபடுகிறது. கீழே, உணவுக்குழாயின் வாசலில் எப்போதும் இறுகியே கிடக்கும் தசைவளையம் இழுபட்டுத் திறக்கிறது. மூளையின் மேற்பகுதியில் அடைப்பு ஏற்பட்டால் பெரும்பாலும் இந்த வரிசை தாமதமாகத் தொடங்கும், வலுவும் குறைந்திருக்கும். முகுளத்தின் பக்கவாட்டில் அடைப்பு என்றால் தொண்டையின் ஒரு பக்கம் செயலிழந்து, கீழ்வாசல் திறக்காமலே போகலாம். அந்த நோயாளி நடப்பார், பேசுவார், ஆனால் தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருப்பார்.

இத்தனையையும் நடக்கும்போதே பார்க்க வழிசெய்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரி லோக்மன். பேரியம் கலந்த உணவைச் சிறு சிறு அளவாகக் கொடுத்து, அது இறங்குவதை ஓடும் எக்ஸ்ரேயில் பதிவுசெய்யும் சோதனையை அவர் நிலைநாட்டினார். அதன் பெரிய பயன், எந்த உத்தி யாருக்கு உதவும் என்பதை அங்கேயே, அந்த நிமிடமே பார்த்துவிடலாம் என்பது. நேராகப் பார்த்து விழுங்கும்போது மூச்சுவழிக்குள் போகிற பேரியம், தாடையைத் தாழ்த்தி விழுங்கும்போது போகாமல் நின்றுவிடுவதைத் திரையில் காணலாம்.

ஈடுகட்டலின் பலம் இந்த உடனடித்தன்மைதான். தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தினால் மூச்சுவழியின் வாசல் குறுகுகிறது, நாவடி தொண்டையின் பின்சுவரை நெருங்குகிறது. ஒரு பக்கத் தொண்டை விழுந்தவர் அந்தப் பலவீனமான பக்கமாகவே தலையைத் திருப்பி விழுங்கினால், அந்தப் பாதை அடைபட்டு உணவு வலுவுள்ள பக்கமாக இறங்கும். இதற்குத் தசை வலு தேவையில்லை, வாரக்கணக்கான உழைப்பு தேவையில்லை. அடுத்த வாய்க்கே பலன் கிடைக்கும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். டம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து குடிப்பது நமக்குச் சிறுவயதிலிருந்தே கைவந்தது. எச்சில் படக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த பழக்கம். பக்கவாத நோயாளிக்கோ அது மிக ஆபத்தான நிலை. தலை பின்னே சாய்ந்தால் மூச்சுவழி அகலத் திறந்துகொள்ளும். தண்ணீர் நாக்கின் கட்டுப்பாட்டில் நில்லாமல் நேராகத் தொண்டைக்குள் விழும். படுக்கையில் சாய்ந்திருப்பவர் வாயில் பாலாடையால் ஊற்றுவதும் இதே கதைதான். எந்தச் செலவும் இல்லாமல் இன்றே ஒரு வீட்டில் மாற்றக்கூடியது இது: நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை தாழ்ந்திருக்க, ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய்.

இனி கெட்டியாக்குதல். தண்ணீர் வேகமாக ஓடுவது. தாமதமாக மூடும் மூச்சுவழியை முந்திக்கொண்டு போய்விடுவது. அதைக் கெட்டியாக்கினால் மெதுவாக நகரும், தொண்டைக்கு நேரம் கிடைக்கும். எவ்வளவு கெட்டி என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் இருந்ததால், ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அமைப்பு 0 முதல் 7 வரை நிலைகளை வகுத்தது. பானங்களுக்கு 0 முதல் 4, உணவுக்கு 3 முதல் 7. எனக்கு இதில் பிடித்தது, அளப்பதற்கு ஆய்வகம் வேண்டாம் என்பதுதான். 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றை எடுத்து ஊசியை நீக்கி, தண்டையும் உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு 10 மில்லிவரை பானத்தை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது வெறும் தண்ணீர், நிலை 0. 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல் மிஞ்சியும் கொஞ்சமாவது சொட்டியிருந்தால் நிலை 3. சொட்டவே இல்லையென்றால் நிலை 4. சிரிஞ்சின் 0 முதல் 10 வரையான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒரே நீளம் அல்ல என்பதால் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடையில் விற்கும் கெட்டியாக்கும் பவுடர் விலை அதிகம் என்று பல வீடுகளில் அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி, ஆரோரூட் என்று இறங்குகிறார்கள். சிரிஞ்ச் சோதனையில் அவை நிலை 2 என்றே காட்டலாம். ஆனால் அவையெல்லாம் மாவுச்சத்து. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைத்து நீர்க்கச் செய்துவிடும். ஒரே கரண்டியால் ஊட்டிவிட்டு அதையே மறுபடி கிண்ணத்தில் விட்டால், கரண்டியில் ஒட்டிய எச்சில் கிண்ணத்துக் கஞ்சியை இளக்கத் தொடங்கும். ஊட்டத் தொடங்கும்போது கெட்டியாக இருந்தது கடைசிக் கரண்டியில் தண்ணீராக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாந்தன் கம் என்ற பசைப்பொருளால் ஆன பவுடர் எச்சிலுக்கு இப்படி மசிவதில்லை. கஞ்சியேதான் கொடுக்க வேண்டுமென்றால், சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மீந்ததை மறுபடி பானையில் சேர்க்காமல் கொடுக்க வேண்டும்.

உணவிலும் நம் சமையலுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. ரசம் சோறு நோயாளிக்கு லேசானது என்று நினைக்கிறோம். விழுங்கும் தொண்டைக்கு அது கடினமானவற்றில் ஒன்று. ரசம் முன்னே ஓடிவிடும், சோறு வாயிலேயே நிற்கும். ஒரே வாயில் இரண்டு வேகம். உதிரியான புட்டு, ஊறி மிதக்கும் சாம்பார் இட்லி இரண்டும் இதே போலத் தொல்லை தருபவை. குழைய வடித்து மசித்த தயிர்சாதம், நன்கு கிளறிய ராகிக் களியைத் தளர்த்திய கூழ், மசித்த பருப்பு ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து இறங்கும்.

ஈடுகட்டலுக்கு விலை ஒன்று உண்டு. வார்டுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

“தண்ணி, தண்ணின்னு கேக்குறாருங்க. பவுடர் போட்டுக் குடுத்தா, இது தண்ணியா, கோந்தான்னு தள்ளிவிடுறாரு.”

“கொஞ்சம் கொஞ்சமா குடுங்கம்மா. வேற வழியில்ல.”

“எத்தன நாளைக்குங்க?”

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. கெட்டித் தண்ணீர் தாகத்தைத் தீர்ப்பதில்லை என்று நோயாளிகள் சொல்வது பிடிவாதமல்ல. ஜோஆன் ராபின்ஸும் லோக்மனும் சேர்ந்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. மறதிநோயோ பார்க்கின்சன் நோயோ உள்ள 515 பேரை, சாதாரணத் தண்ணீரைத் தாடை தாழ்த்திக் குடிப்பவர்கள் என்றும் கெட்டித் திரவம் குடிப்பவர்கள் என்றும் பிரித்து மூன்று மாதம் கவனித்தார்கள். நிமோனியா முன்னவர்களில் 9.8 சதவீதம், பின்னவர்களில் 11.6, இந்த வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ள முடியாது. உடல் நீர் வற்றியவர்களோ முன்னவர்களில் 2 சதவீதம், பின்னவர்களில் 6. அவர்கள் பக்கவாத நோயாளிகள் அல்லர். எண்களை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. ஆனாலும் கெட்டியாக்கினால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு அசைத்துவிட்டது. மிகக் கெட்டியானது முழுதாக இறங்காமல் தொண்டையிலேயே ஒட்டி நின்று, விழுங்கி முடித்து மூச்சு இழுக்கும்போது உள்ளே போவதும் உண்டு.

இப்போது மறுபக்கம். பயிற்சிக்கான அடிப்படையை மூளையிலேயே காட்டியவர் மான்செஸ்டரின் ஷாஹீன் ஹம்டி. 1990-களில் அவர் குழு காந்தத் தூண்டல் முறையால் விழுங்கும் தசைகளுக்கான இடங்களை மூளையில் வரைபடமாக்கியது. கையை இயக்கும் பகுதி போல அது ஒரு பக்கம் மட்டும் சார்ந்ததல்ல. இரண்டு அரைக்கோளங்களிலும் உண்டு, ஆனால் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. பெரிய பக்கம் அடிபட்டவருக்கு விழுங்கல் போகிறது. பிறகு யாருக்குத் திறன் திரும்பியது என்று தொடர்ந்து பார்த்தபோது, அவர்களுடைய அடிபடாத பக்கத்தின் விழுங்கல் பகுதி வாரங்கள் செல்லச் செல்ல விரிந்திருந்தது. கெட்டுப்போன இடம் சரியாவதைவிட, நல்ல பக்கம் அந்த வேலையைக் கற்றுக்கொள்வதே மீட்சிக்கு வழியாக இருந்தது. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கெட்டிக் கஞ்சி இன்றைய வாயைக் காப்பாற்றும். மூளைக்கு எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க அது வகுக்கப்படவில்லை.

பயிற்சிகளில் பெயர்பெற்றது மில்வாக்கியின் ரெசா ஷேக்கர் வகுத்தது. தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோள்கள் தரையைவிட்டு எழாமல், தன் கால்விரல்கள் தெரியும் அளவுக்குத் தலையை மட்டும் தூக்கி ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று முறை. அதன்பின் நிறுத்தாமல் 30 முறை தலையைத் தூக்கி இறக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம். தாடைக்கும் நாவடி எலும்புக்கும் இடையிலுள்ள தசைகளை இது வலுப்படுத்துகிறது. அவை இழுத்தால்தான் கீழ்வாசல் திறக்கும். 2002-இல் ஷேக்கர் குழு வெளியிட்ட ஆய்வில், அந்த வாசல் சரியாகத் திறக்காமல் குழாய்வழி உணவில் இருந்த 27 பேர் பயிற்சிக்குப் பின் வாய்வழியே சாப்பிடத் திரும்பினார்கள். சிறிய ஆய்வுதான், பக்கவாதம் அல்லாத காரணங்களும் அதில் கலந்திருந்தன. ஆனாலும் டியூபே கதி என்று இருந்தவர்களிடம் வந்த முடிவு அது.

எழுபது வயதுக்காரர் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பிடிப்பது லேசான காரியமல்ல. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்குக் கூடவே கூடாது. இதற்கு மாற்றாகச் சிங்கப்பூரில் ஒரு குழு 2014-இல் எளிய வழி ஒன்றை முன்வைத்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடைக்கும் மார்பெலும்புக்கும் இடையில் காற்றடைத்த ரப்பர் பந்தை வைத்து, தாடையால் அழுத்த வேண்டும். அழுத்திப் பிடிப்பது ஒரு பகுதி, விட்டுவிட்டு அழுத்துவது மறுபகுதி. நலமான இளைஞர்களிடம் அளந்தபோது, படுத்துத் தலைதூக்குவதைவிட இதில் நாவடித் தசைகள் அதிகம் வேலை செய்தன, கழுத்தின் பக்கவாட்டுத் தசைக்குச் சுமை குறைந்தது. குழந்தைகள் விளையாடும் பந்து ஒன்று போதும் என்பதால் கிராமத்து வீட்டுக்கும் எட்டுகிற பயிற்சி இது.

இவை தவிர, முழு வலுவோடு அழுத்தி விழுங்குவது, குரல்வளை மேலே ஏறிய நிலையில் இரண்டு நொடி பிடித்துவைப்பது, நாக்கால் அண்ணத்தை அழுத்துவது என்று பல உண்டு. ராபின்ஸ் 2007-இல் பத்துப் பக்கவாத நோயாளிகளுக்கு எட்டு வாரம் நாக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் பக்கவாதம் வந்து பல மாதம் கடந்தவர்களும் இருந்தார்கள். எல்லாரிடமும் நாக்கின் அழுத்தம் கூடியது. மாதங்கள் கடந்துவிட்டால் இனி ஒன்றும் இல்லை என்று கைவிடுபவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும்.

பயிற்சியும் ஆபத்தில்லாததல்ல. மூச்சை அடக்கி விழுங்கி உடனே இருமும் முறை, இதய நோயும் உள்ள பக்கவாத நோயாளிகளிடம் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்ததாக ஆய்வு வந்திருக்கிறது. நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு விழுங்கும் பயிற்சியை வெறும் எச்சிலோடுதான் செய்யவேண்டும். வாயில் உணவை வைத்துக்கொண்டு செய்தால் அதுவே புரையேற்றும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பயிற்சிக்கு நோயாளி விழிப்பாக இருக்க வேண்டும், சொல்வது புரிய வேண்டும், நாளுக்கு மூன்று வேளை செய்ய மனம் வேண்டும். மொழி இழந்தவர், குழப்பத்தில் இருப்பவர், பக்கவாதத்தோடு மனச்சோர்வும் சேர்ந்தவர் என்று பலருக்கு முதல் வாரங்களில் இது கைகூடாது. அவர்களுக்கு ஈடுகட்டல்தான் முதல் துணை; ஏனென்றால் அதன் பெரும்பகுதியை நோயாளி செய்யவேண்டியதில்லை, ஊட்டுபவர் செய்தால் போதும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்தது. கிசெல் கார்னபியும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்டது. பக்கவாதம் வந்து ஒரு வாரத்துக்குள் சேர்க்கப்பட்ட 306 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமாக மருத்துவமனை கொடுக்கும் கவனிப்பு. இரண்டாம் குழுவுக்கு வாரம் மூன்று நாள், பெரும்பாலும் ஈடுகட்டும் உத்திகளும் உணவு மாற்றமும். மூன்றாம் குழுவுக்குத் தினமும், உணவு மாற்றத்தோடு நேரடி விழுங்கல் பயிற்சிகளும். சிகிச்சை ஒரு மாதம் வரை. ஆறு மாதம் முடிந்தபோது உயிரோடு இருந்து, மாற்றிய உணவு தேவைப்படாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 56 சதவீதம், இரண்டாவதில் 64, மூன்றாவதில் 70.

இந்த மூன்று எண்களையும் அவசரப்பட்டு வெற்றிப் பட்டியலாக்கக் கூடாது. இந்த அளவுகோலில் குழுக்களிடையே உள்ள வேறுபாடு தற்செயலாக வந்திருக்கலாம் என்பதை முழுதாக விலக்கிவிட முடியாது. பழைய உணவுக்குத் திரும்பியது, விழுங்கும் திறன் மீண்டது ஆகிய இரண்டில்தான் தினசரிப் பயிற்சி மற்ற இரு குழுக்களையும் தெளிவாக முந்தியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்றாம் குழுவுக்குப் பயிற்சியும் கிடைத்தது, கூடுதல் நாட்களும் கிடைத்தன. பலன் பயிற்சியாலா, தினமும் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததாலா என்று பிரிக்க அந்த ஆய்வில் வழியில்லை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மூன்றாம் குழுவும் உணவு மாற்றத்தைக் கைவிடவில்லை என்பது. ஈடுகட்டலை வேலியாக வைத்துக்கொண்டு அதற்குள்ளே பயிற்சி நடந்தது.

பயிற்சியின் பக்கம் நிற்பவர்கள் மறக்கக்கூடாத மற்றொரு உண்மை, தானாக வரும் மீட்சி. பக்கவாத நோயாளிகளில் பலருக்கு முதல் சில வாரங்களில் எதுவும் செய்யாமலே விழுங்கல் திரும்பிவிடுகிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல், பயிற்சி கொடுத்தோம், சரியாயிற்று என்று சொல்வதில் அதனால் பொருளில்லை. 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பு 41 ஆய்வுகளையும் 2,660 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. விழுங்கல் சிகிச்சைகள் சாவையோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையையோ குறைத்ததாகக் காட்டமுடியவில்லை. மருத்துவமனையில் தங்கும் நாள் குறையலாம், நெஞ்சுத் தொற்று குறையலாம், விழுங்கும் திறன் மேம்படலாம் என்ற அளவில் நின்றது. அதற்கான சான்றின் தரமும் உயர்ந்ததல்ல. தொண்டைமேல் மின்தூண்டல் கருவி வைத்து எல்லாரையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

இரண்டு வழிகளுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் அதை ஓரமாகத்தான் பேசுகிறார்கள். சூசன் லாங்மோர் 1998-இல் முதியவர்களிடம் நடத்திய ஆய்வில், நிமோனியாவை முன்கூட்டிச் சொன்னவற்றில் விழுங்கல் சிரமத்தைவிட வலுவாக நின்றவை வேறு: உணவுக்கும் வாய் சுத்தத்துக்கும் பிறரைச் சார்ந்திருப்பது, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை, குழாய்வழி உணவு போன்றவை. நுரையீரலுக்குள் போவது எதுவானாலும் அதோடு வாயின் கிருமிகளும் சேர்ந்து போகின்றன. ஆகவே பஞ்சு சுற்றியோ மென்மையான பிரஷ்ஷாலோ பல், நாக்கு, கன்னத்தின் உட்புறம் என்று காலையும் இரவும், சாப்பிட்ட பிறகும் துடைத்துச் சுத்தம் செய்வது, கெட்டியாக்கும் பவுடருக்குச் சற்றும் குறையாத சிகிச்சை. விழுந்த பக்கக் கன்னத்தில் ஒரு மணி நேரத்துக்கு முன் ஊட்டிய சோறு அப்படியே அடங்கியிருக்கும்; விரலை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதே எண்ணத்தில்தான் அமெரிக்காவின் லூயிவில் நகரில் உள்ள ஃப்ரேசியர் மறுவாழ்வு மையம் 1984-இலேயே ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. சாப்பாட்டோடு கெட்டித் திரவம்தான். ஆனால் சாப்பிட்டு அரை மணி கழித்து, வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, விரும்பும் நோயாளிக்குச் சாதாரணத் தண்ணீர் கொடுக்கலாம். சுத்தமான வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனாலும் நுரையீரல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அடிப்படை. எல்லாருக்கும் பொருந்தாது, தொடர்ந்து இருமித் திணறுபவருக்கும் நுரையீரல் ஏற்கெனவே கெட்டவருக்கும் கூடாது, மருத்துவர் சொல்லாமல் வீட்டில் தொடங்கவும் கூடாது. ஆனால் “எத்தன நாளைக்குங்க?” என்று கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சொல்லக்கூடிய பதில்களில் ஒன்று இது. வாய்க்குத் தண்ணீர் கிடைக்கும். அந்தத் தண்ணீரை விழுங்குவதே பயிற்சியாகவும் அமையும்.

மூக்கு டியூப் பற்றிச் சுருக்கமாக. முதல் நாட்களில் அது உயிர் காப்பது. 2005-இல் வெளியான ‘ஃபுட்’ என்ற ஆய்வும் தொடக்கத்திலேயே குழாய்வழி ஊட்டுவதற்கு ஆதரவான பக்கம் சாய்ந்தது, அவசரப்பட்டு வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பதற்கு ஆதரவு தரவில்லை. ஆனால் டியூப் இருக்கிறதே என்று வாயை மறந்துவிட்டால், நல்ல பக்க மூளைக்குக் கற்க எதுவும் கிடைக்காது. டியூப் இருக்கும்போதே நாக்குப் பயிற்சியும் எச்சில் விழுங்கும் பயிற்சியும் தொடங்கலாம்.

பயிற்சியை யார் கொடுப்பது என்பதுதான் நம் ஊரின் உண்மையான முடிச்சு. வீட்டாரையே பழக்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் இயல்பாக வரும். அந்த எண்ணத்தை இந்தியாவிலேயே சோதித்தார்கள். 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடரவைத்தார்கள். ஆறு மாதத்தில், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரண்டு குழுக்களிலும் 47 சதவீதம், வேறுபாடில்லை. அந்த ஆய்வின் மையம் விழுங்கல் அல்ல; ஆனாலும் சிகிச்சையாளர் செய்ய வேண்டியதைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டால் அதே பலன் வந்துவிடும் என்று நம்ப அது இடம் தரவில்லை. ஈடுகட்டலை வீட்டார் நன்றாகச் செய்வார்கள். உட்காரவைப்பது, மசிப்பது, வாய் துடைப்பது எல்லாம் அன்பும் கவனமும் கேட்பவை, அவை நம் வீடுகளில் உண்டு. பயிற்சியோ வாரம் ஒருமுறையாவது தேர்ந்த ஒருவர் வந்து, சரியாகச் செய்கிறாரா என்று பார்த்து, சுமையைக் கூட்டிக் குறைக்க வேண்டியது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் தொடங்கியபின் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. கைகால் பயிற்சிக்கு வரும் அதே வருகையில் தாடைக்கும் நாக்குக்கும் பத்து நிமிடம் சேர்க்க, ஸ்பீச் தெரபிஸ்டுகள் இயன்முறை சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், அரசு அதற்கு வழிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை வீட்டார் கையில் இருக்கும் ஆயுதம் டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் மாத்திரைகளுக்கு 1-0-1 என்று வேளையும், எத்தனை நாள் என்பதும் எழுதியிருக்கும். விழுங்கலுக்கு மட்டும் கெட்டியாகக் கொடுக்கவும் என்று ஒரு வரி, தேதியில்லாமல். அதற்குப் பதில், திரவம் எந்த நிலை, எந்தத் தேதியில் மறுசோதனை, எந்தப் பயிற்சி எத்தனை வேளை எத்தனை வாரம், சாதாரணத் தண்ணீர் உண்டா இல்லையா என்று நான்கு வரிகள் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகே வண்டியை வரச்சொல்லுங்கள்.